துண்டுத் தாளில் மூணு நம்பர்: சட்டம் என்ன சொல்கிறது?

தை அறுப்பு முடிந்த சமயம். பாபநாசம் பக்கத்தில் வயல் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த தாளை அவிழ்த்துக் காட்டினார். பேனாவில் கிறுக்கிய மூன்று எண்கள். முத்திரை இல்லை, பெயர் இல்லை. "நம்பர் விழுந்திருக்கு தம்பி, ஆளு பணம் தரமாட்டேங்கிறான். எங்க போய்க் கேக்கறது?"

கேரள லாட்டரி குலுக்கல் மதியம் 3 மணிக்கு. அந்த முடிவின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து இங்கே தனியாக ஆடுவதுதான் மூணு நம்பர். கேரள அரசுக்கும் இந்தத் தாளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்களில் ஒன்றுதான் விழும் என்பதையும் விற்பவர் சொல்வதில்லை.

ஒரு காலத்தில் நம் அரசே சீட்டு விற்றது. 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது, 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று தொடங்கியது. பிறகு வெளிமாநிலச் சீட்டுகளும் குவிந்து, கூலிப் பணத்தைக் கரைத்தன. மத்திய அரசின் 1998-ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, பிற மாநிலச் சீட்டுகளைத் தடுக்கும் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்தது. ஆனால் 1999-ல் உச்ச நீதிமன்றம் ஒரு நிபந்தனை வைத்தது: தானே லாட்டரி நடத்தும் மாநிலம் அடுத்த மாநிலத்துச் சீட்டைத் தடுக்கக் கூடாது. நியாயமான நிபந்தனைதான். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது, தமிழக அரசின் சீட்டு உட்பட. அந்தத் தடைதான் இன்றும் நிற்கிறது.

ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு தரக் கூடாது, சீட்டை மாநில அரசே தன் சின்னத்தோடு அச்சடிக்க வேண்டும் என்கிறது அதே 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. மீறி நடக்கும் லாட்டரிச் சீட்டை விற்றால் 2 ஆண்டு வரை கடுங்காவல் அல்லது அபராதம், இரண்டும்கூட. வாங்கினாலும் அதே தண்டனைதான். இது பலருக்குத் தெரியாது. செல்போனில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு 2025-ல் தனிச் சட்டம் வந்தது. அதில் தண்டனை நடத்துபவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும்தான், ஆடுபவருக்கு இல்லை.

சரி, அக்காவின் பணம்? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. எந்த ஆபீசிலும் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்று சொன்னேன். அவர் அதைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டார்.