குப்பைக்குழிப் பரங்கியின் குட்டி முளை

"கடையில் விதை வாங்கி, தொழுஉரம் போட்டு, ஐந்து குழியில் பார்த்துப் பார்த்து ஊன்றினேன். மூன்று வரவேயில்லை. நான்காவது, தலையில் ஹெல்மெட் மாதிரி விதைத்தோலை மாட்டிக்கொண்டு வந்து அப்படியே சோர்ந்துவிட்டது. பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் யாரும் போடாமலே பரங்கி முளைத்துக் கொடி ஓடுகிறது. இது என்ன நியாயம்?" என்று கேட்டிருக்கிறார் தேனி வாசகி ஒருவர்.

நியாயக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஒரு பரங்கிக்குள் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். காய் நறுக்கும்போது குடலோடு வழித்துப் போட்டதில் இரண்டு முளைத்தால் 'தானாக வந்தது' என்று அதிசயப்படுகிறோம். எலிக்கும் எறும்புக்கும் பூஞ்சணத்துக்கும் போன மிச்சத்தை யாரும் எண்ணுவதில்லை. மற்றபடி ஈரம், கதகதப்பு, காற்று மூன்றும் குப்பைக்குழியில் உண்டு. பரங்கி முளைக்க அது போதும்.

எனக்கு இந்தக் கடிதத்தில் பிடித்தது அந்த ஹெல்மெட்தான். ஏனென்றால் சரியாக முளைக்கிற பரங்கி, தன் சட்டையைத் தானே கழற்றத் தெரிந்த செடி.

தட்டையாகக் கிடக்கும் விதையின் கூர்முனை பிளந்து வேர் வெளியே வருகிறது, வந்ததும் கீழே வளைகிறது. வேரும் தண்டும் சேரும் அந்த வளைவின் உட்புறத்தில், தரையைப் பார்த்த பக்கமாக, ஒரு சின்னப் புடைப்பு எழும்புகிறது. மாடு கட்ட அடிப்போமே, அந்த முளையைப் போல. விதை விடும் முளைக்கும் மாடு கட்டும் முளைக்கும் நம் மொழியில் ஒரே பெயர் இருப்பது எனக்குத் தனிச் சந்தோஷம். இந்தப் புடைப்பையும் இனி முளை என்றே சொல்கிறேன். அது விதைத்தோலின் கீழ்ப்பாதி விளிம்பில் போய் மாட்டிக்கொள்கிறது. அப்புறம் தண்டு வில்லாக வளைந்து மேலே எழும்புகிறது. கீழ்ப்பாதியை முளை அழுத்திப் பிடித்திருக்க, வில் நிமிர நிமிர வாய் பிளந்து, உள்ளே இருக்கும் இரண்டு விதையிலைகளும் வழுக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. இறுகிய ஷூவை, இன்னொரு காலால் குதிகாலை மிதித்துக்கொண்டு கழற்றுவோம் அல்லவா, அதே வேலை. காலித் தோல் மண்ணுக்குள்ளேயே கிடந்துவிடும். 1880-ல் டார்வினும் மகன் பிரான்சிஸும் வெளியிட்ட நூலில் இதை ரசித்து விவரித்திருக்கிறார்கள்.

எந்தப் பக்கம் முளையை வைப்பது என்று கண்ணில்லாத விதைக்கு எப்படித் தெரியும்? புவியீர்ப்பை வைத்து. தண்டுக்குள் சில செல்களில் கனமான ஸ்டார்ச் மணிகள் இருக்கின்றன. டம்ளரில் போட்ட கடுகு போல அவை அடியில் போய்ப் படியும். அதை வைத்து ஆக்சின் என்ற ஹார்மோனின் போக்குவரத்து மாறுகிறது. மேல்பக்கத்தில் ஆக்சின் குறைகிறது, அங்கே முளை வராது. கீழ்ப்பக்கத்தில் வரும்.

1998 அக்டோபரில் டிஸ்கவரி விண்கலம் 77 வயது அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென்னை ஏற்றிக்கொண்டு போனது உலகச் செய்தி. அதே பயணத்தில், ஜப்பானிய விஞ்ஞானி தகஹாஷியின் குழுவினர் பரங்கியின் பங்காளியான வெள்ளரியின் விதைகளையும் அனுப்பியிருந்தார்கள். எடையற்ற நிலையில் முளைத்த கன்றுகளில் இரண்டு பக்கமும் முளை வந்தது! அதாவது, இரண்டு பக்கமும் முளை வைப்பதுதான் செடியின் இயல்பு. மேல்பக்கத்து முளையை வரவிடாமல் தடுப்பது பூமி. வெள்ளரி விதையை ராக்கெட்டில் ஏற்றவா வரிப்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. தரையில் புவியீர்ப்பை அணைக்க சுவிட்ச் இல்லையே, வேறு எங்கே போய்ப் பார்ப்பது? 'இதனால் விவசாயிக்கு என்ன லாபம்' என்பதையே முதல் கேள்வியாக வைத்தால் இப்படியொரு விஷயம் நமக்குத் தெரிய வரவே வராது.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளருக்குள் ஈரத் துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சில விதைகளைப் படுக்கையாகவும், சிலவற்றைக் கூர்முனை கீழே இருக்க நிறுத்தியும் செருகுங்கள். வேர் ஓரளவு நீண்டதும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். செங்குத்தாக நின்ற விதைக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் என்ற பேதம் கிடையாது. அதனால் முளை விளிம்பில் சரியாக மாட்டாமல் தோல் தலையோடு போக வாய்ப்பு அதிகம். தட்டை விதையைத் தூக்கி எறிந்தால் அது படுத்துத்தான் விழும். நாம்தான் அக்கறையாக அதை நிறுத்தி வைத்து ஊன்றுகிறோம். ரொம்ப மேலாக, காய்ந்த மண்ணில் போட்டாலும் தோல் பிடிமானமின்றிக் கூடவே வந்துவிடும். வந்துவிட்டால், தண்ணீர் தொட்டு ஊறவைத்து மெதுவாகக் கழற்றிவிடுங்கள்.

குப்பைக்குழிக் கொடிக்கு ஒரு எச்சரிக்கை. தாய்க்காய் ருசியாக இருந்தது விதைக்கு உத்தரவாதம் ஆகாது. மகரந்தம் எந்தக் கொடியிலிருந்து வந்ததோ! காய் வந்ததும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயை எறிந்துவிடுங்கள். அது குகர்பிட்டாசின் என்ற நச்சு, வேகவைத்தாலும் போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்காதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு சொன்னதும் இதே காரணத்தால்தான்.

முதலில் பூப்பதெல்லாம் ஆண் பூ. மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டைக்குத் தாராளமாகப் பறிக்கலாம், கொஞ்சம் மிச்சம் வையுங்கள். அடியில் குட்டிக் காயோடு வருவது பெண் பூ. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்று என் அப்பத்தா கையைத் தட்டிவிடுவார். பாவம், விரல் மேல் பழி. தேனீ வராத பிஞ்சு எப்படியும் மஞ்சளாகி வெம்பித்தான் விழும். காலை எட்டு மணிக்குள், பூ வாடுவதற்கு முன், ஆண் பூ ஒன்றைக் கிள்ளி இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் நன்றாகத் தடவிவிடுங்கள். அப்புறம் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் விரல் நீட்டிக் காட்டுங்கள்.