வளங்குன்றாமை

சஸ்டெயினபிலிட்டி என்ற சொல் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு பேப்பருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சுற்றுச்சூழல் கல்வி வேண்டும் என்று 1991ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பின்னால் இளநிலை மாணவர் எல்லோருக்கும் ஈ.வி.எஸ். என்ற சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமானது. நல்லதுதான். ஆனால் அதில் பாஸானதும் சொல் மறந்துபோகிறது.

வேர் இலத்தீன்: கீழிருந்து தாங்குவது. இன்றைய பொருளின் விதை ஜெர்மனியில் இருக்கிறது. வெள்ளி உருக்கும் உலைகளுக்கு விறகு வெட்டியே காடு தீர்வதைக் கண்ட சாக்சனிச் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ், காடு தீராதபடி மரத்தைப் பயன்படுத்தச் சொல்லி 1713ல் நூல் எழுதினார். வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது என்ற விளக்கத்தை 1987ல் ஐ.நா. ஆணையம் ஒன்றின் புருண்ட்லாண்ட் அறிக்கை தந்தது.

தமிழில் 'நிலைத்தன்மை' என்கிறார்கள். ஸ்டெபிலிட்டிக்கும் அதுவேதான், குழப்பம். இலங்கைத் தமிழர் 'பேண்தகைமை' என்பார்கள். அழகான சொல், நம் பக்கம் பழகவில்லை. எனக்குப் பிடித்தது 'வளங்குன்றாமை'. எது குறையக் கூடாது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. யார் பேணுவது என்பதை மட்டும் சொல்வதில்லை. அதற்கு நம்மிடம் 'குடிமராமத்து' இருக்கிறது: குளத்தையும் வாய்க்காலையும் ஊர்க்குடிகளே செப்பனிடுவது. இதில் 'மராமத்து' அரபியிலிருந்து வந்தது. இருக்கட்டும், காரியம் நம்முடையது.

நெல்லையில் இந்தச் சொல்லை எல்லாத் துறைக்கும் கொண்டுபோகத் தாமிரபரணி ஒன்றே போதும். வரலாற்று வகுப்புக்கு எட்டு அணைக்கட்டுகள்: ஸ்ரீவைகுண்டம் வெள்ளையர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இத்தனை காலம் அவற்றைப் பராமரித்தது யார், எந்த உழைப்பில்? தென்மேற்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் பாபநாசம் அணைத் தண்ணீரைக் கார் பருவ நெல்லுக்குத் திறப்பதா, அடுத்து வரும் பிசானப் பருவ நெல்லுக்கு வைத்துக்கொள்வதா என்பது புள்ளியியல் மாணவருக்கு அசல் கணக்கு. தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடக்கும் வழக்கைப் பொருளியல் எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம் வணிகவியல். பத்தமடைப் பாய்க்கு அடக்கவிலை போடும் மாணவர் கோரைக்கும் சாயத்துக்கும் நெசவுக் கூலிக்கும் தொகை எழுதிவிடுவார். கோரை ஊறுகிற தண்ணீரை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பு சூடுபிடிக்கும்.