வலையொலியா, வளையொலியா?

போன மாதம் அக்கா மகன் அழைத்தான். "மாமா, நான் வலையொலி ஆரம்பிச்சிருக்கேன், பிடிச்சிருந்தா நாலு பேருக்கு அனுப்புங்க" என்றான். பழைய ரேடியோப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர்களைத் தேடிப் போய் அவன் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதைப் படம்பிடித்து யூடியூபில் போட்டிருக்கிறான் போல என்று நினைத்து, "கேமரா யாருடா பிடிச்சது?" என்று கேட்டேன்.

"கேமராவா? வெறும் குரல்தான் மாமா. ஒலி. லட்டுக்கு வர்ற ல."

பாட்காஸ்ட் என்று சொல்லியிருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். தமிழில் சொல்ல வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டதில் தவறில்லை. கைப்பேசி, மின்னஞ்சல் என்று எழுதுகிற ஆள்தான் நானும். அவன் கையில் கிடைத்த சொல்தான் கோளாறு. சில வருடங்களாகவே இந்த வலையொலியைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தேன். அன்றைக்கு எழுதியே தீர்ப்பது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூலச் சொல்லின் கதை சின்னது. ஆப்பிள் நிறுவனம் 2001 அக்டோபரில் ஐபாட் என்ற பாட்டுக் கருவியை அறிமுகப்படுத்தியது. அதிலிருந்து வந்தது பாட். ஒலிபரப்புக்கான ஆங்கிலச் சொல்லான பிராட்காஸ்டின் வால்தான் காஸ்ட். அந்தப் பிராட்காஸ்டும் வயலிலிருந்து வந்ததுதான். விதையைக் கையால் அள்ளி வீசி விதைப்பதற்கு முதலில் அந்தப் பெயர். இரண்டையும் ஒட்டிப் பாட்காஸ்டிங் என்று 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் எழுதியவர் பென் ஹாமர்ஸ்லி. இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டு அவர் அடுக்கிய மூன்று பெயர்களில் அது ஒன்று. கட்டுரையில் ஒரு வரி குறைந்ததால் இட்டு நிரப்ப எழுதியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இடம் நிரப்ப வந்த சொல்லை அடுத்த ஆண்டே நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்கன் அகராதி ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. ஐபாட் உற்பத்தி 2022-இல் நின்றுபோனது. பாட் போய்விட்டது, காஸ்ட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெயர் இருக்கட்டும், அது என்ன பொருள் என்பதைத் தமிழாக்கம் செய்பவர்கள் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம். இணையத்தில் ஒரு ஒலிக்கோப்பைப் போட்டுவைத்தால் அது பாட்காஸ்ட் ஆகாது. வலைத்தளத்தில் புதிதாக எது வந்தாலும் தானாகவே கொண்டுவந்து தரும் ஆர்எஸ்எஸ் என்ற செய்தியோடையில் ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்ப 2000-ஆம் ஆண்டின் கடைசியில் மென்பொருள்காரர் டேவ் வைனர் வழி செய்தார். எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி அதைப் பிடித்துக்கொண்டு, 2004-இல் புதுக் கோப்பு வந்ததும் தானாகவே இறங்கி ஐபாடுக்குள் போய்விடும்படி செய்தார். விஷயமே இதுதான். நீங்கள் தேடிப் போக வேண்டாம். ஒருமுறை இணைந்துவிட்டால் அடுத்தடுத்த பகுதிகள் உங்களைத் தேடி வரும். தபால்காரர் வாரம் தவறாமல் பத்திரிகை போட்டுவிட்டுப் போவது மாதிரி.

வலையொலியில் இந்தத் தொடர்ச்சி எங்கே இருக்கிறது? வலை இருக்கிறது, ஒலி இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் இணையத்தில் கேட்கிற எல்லாமே வலையொலிதான்: நண்பர் அனுப்பும் குரல் செய்தி, பாட்டு, வலைத்தளத்தைத் திறந்ததும் கத்துகிற விளம்பரம் எல்லாம் சேர்த்து.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எந்தக் கலைச்சொல்லும் பொருளை முழுசாகச் சுமப்பதில்லை. பேருந்து என்ற சொல்லை வைத்து ஒரு பேருந்தை வரைய முடியாது. பொறுக்க முடியாதது வேறு. யூடியூபுக்கு வலையொளி என்று பெயர் வைத்து ஒரு கூட்டம் பரப்பிவருகிறது. பாட்காஸ்டுக்கு வலையொலி, யூடியூபுக்கு வலையொளி. எழுத்தில் பார்த்தால் அழகான இரட்டை. வாயில் சொல்லிப் பாருங்கள். நம்மில் எத்தனை பேர் லகரத்தையும் ளகரத்தையும் பேச்சில் பிரித்துச் சொல்கிறோம்? தமிழாசிரியர்கள் சொல்வார்கள், சில ஊர்க்காரர்கள் இயல்பாகவே சொல்வார்கள். மற்றவர்கள் நாக்கை எங்கே வைக்கிறோம் என்று நமக்கே தெரியாது. போதாததற்கு முன்னால் இருக்கிற வலையும் வழுக்கும். வளையொலி என்றால் வளையல் சத்தம்! என் கைப்பேசியின் குரல் தேடலில் வலையொலி என்று மூன்று முறை சொன்னேன். ஒருமுறை சரியாக எழுதியது, ஒருமுறை வளையொலி, ஒருமுறை வலையொளி. கேட்பதற்கென்றே பிறந்த ஒரு ஊடகத்துக்குக் காதால் கேட்டால் புரியாத பெயர் வைத்திருக்கிறோம்.

உடனே ஒரு பதில் வரும். ஒலிபரப்பு, ஒளிபரப்பு இரண்டும் இத்தனை வருடமாக இல்லையா, யார் குழம்பினார்கள்? குழம்பவில்லை, உண்மைதான். ஏன் என்று யோசிக்க வேண்டும். ஒலிபரப்பு ஒரு பெட்டியிலிருந்து வந்தது, ஒளிபரப்பு இன்னொரு பெட்டியிலிருந்து வந்தது. ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தப் பரப்பு என்ற சந்தேகம் வர வழியே இல்லை. இன்றைக்கு எல்லாம் ஒரே கைப்பேசிக்குள் வருகின்றன. அதோடு, பெட்டிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். ஒன்று வானொலி, இன்னொன்று தொலைக்காட்சி. அரைத் தூக்கத்தில் கேட்டாலும் மாறிப்போகாது. அவர்களும் இரட்டைக்கு ஆசைப்பட்டு வானொலி, வானொளி என்று வைத்திருந்தால் வீட்டுக்கு வீடு என்ன கூத்து நடந்திருக்கும்! இலங்கையில் வானொலி நடத்துவது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். தொலைக்காட்சிக்கு ரூபவாஹினி என்றே தமிழிலும் வழங்கிவிட்டார்கள். அங்கேயும் மோதல் இல்லை.

இந்த ல-ள இரட்டை மோகம் ஏற்கெனவே வீடியோவைப் பாடாய்ப் படுத்திவிட்டது. காணொளியா, காணொலியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. காணொளியை வினைத்தொகையாக விரித்துப் பாருங்கள்: கண்ட ஒளி, காண்கின்ற ஒளி, காணும் ஒளி. புறஊதாக் கதிர் மாதிரி சிலவற்றை விட்டால் எல்லா ஒளியும் காணும் ஒளிதானே? வீட்டு டியூப்லைட்டும் காணொளிதான். காணொலியோ அதைவிட மோசம்: காணும் ஒலி. ஒலியை எப்படிக் காண்பது என்று கேட்டால், "காண்பதும் உண்டு, ஒலியும் உண்டு, அதனால் காணொலி" என்கிறார்கள். அது உம்மைத்தொகையாம். வெற்றிலைபாக்கு உம்மைத்தொகை, இரவுபகல் உம்மைத்தொகை; இரண்டு பக்கமும் பெயர் நிற்க வேண்டும். காண் என்ற வினைப் பகுதியைப் பெயரோடு கட்டி உம்மைத்தொகை என்றால் எந்த இலக்கணப் புத்தகம் ஒத்துக்கொள்ளும்? தமிழ்நாட்டு அரசின் செய்திக்குறிப்புகளில் காணொலிக் காட்சி வாயிலாகத் திறந்து வைத்தார் என்று வரும். காண், ஒலி, காட்சி. கண்ணுக்கு இரண்டு பங்கு, காதுக்கு ஒரு பங்கு. நிகழ்படம் என்று அருமையான சொல் ஒன்று ஓரமாகக் கிடக்கிறது, சீண்டுவார் இல்லை. நானே பேச்சில் வீடியோ என்றுதான் சொல்கிறேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வலையொளிக்கு வருகிறேன். அங்கே இன்னொரு அடிப்படைத் தவறு இருக்கிறது. யூடியூப் ஒரு நிறுவனத்தின் பெயர். பெயரை மொழிபெயர்ப்பது என்ன வழக்கம்? முகநூல் ஒன்று நிலைத்துவிட்டது என்பதற்காக வாட்ஸ்அப்புக்குப் புலனம், இன்ஸ்டாகிராமுக்குப் படவரி, ட்விட்டருக்குக் கீச்சகம் என்று ஒரு பட்டியலே போட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பைப் புலனம் என்று எழுதினால் பாதிப் பேருக்கு ஐம்புலன் நினைவுதான் வரும். கீச்சகத்தின் கதி தெரியுமல்லவா? ட்விட்டர் 2023-இல் பெயரை எக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. குருவி பறந்துவிட்டது, கீச்சு மட்டும் நம் கையில் மிச்சம். கடைக்குப் பெயர் வைப்பது கடைக்காரர் பாடு. அங்கே விற்கும் பொருளுக்குத்தான் நாம் பெயர் வைக்க வேண்டும்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஐஸ்லாந்து மொழியில் வானொலிக்கு ஊட்வர்ப். வெளியே வீசுவது என்று பொருள். தொலைக்காட்சிக்கு ஸ்யோன்வர்ப், காட்சியை வீசுவது. பாட்காஸ்டுக்கு ஹ்லாத்வர்ப் என்று வைத்தார்கள். முன்பாதி கோப்பை இறக்கி ஏற்றிக்கொள்வதைக் குறிக்கிறது. வர்ப் மூன்றிலும் அப்படியே நிற்கிறது, முன்பாதி ஒன்றுக்கொன்று ஒட்டுறவில்லாமல் ஒலிக்கிறது. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சுக்காரர்கள் 2004-லேயே பாலாதோதிஃபூசியோன் என்று நீட்டமாக ஒன்று செய்தார்கள். பாலாதர் என்றால் பிரெஞ்சில் வாக்மேன்; உலாவுவது என்ற வினையிலிருந்து பிறந்தது. ஐபாட் செத்தாலும் உலாவல் சாகாது. அந்த நீட்டச் சொல்லை வாயில் போட்டு மென்று மக்கள் பாலாதோ என்று சுருக்கிக்கொண்டார்கள்.

சுருங்க வேண்டும், அதுதான் என் உரைகல். நல்ல சொல் வாயில் விழுந்ததும் தேயும். வலையொலியைத் தேய்த்துப் பாருங்கள். வலை என்றால் மீன் ஞாபகம், ஒலி என்றால் வெறும் சத்தம்.

அதனால் என் ஓட்டு ஒலியோடைக்கு. இது நான் கண்டுபிடித்ததல்ல, கொஞ்சப் பேர் ஏற்கெனவே புழங்குகிறார்கள். வலைப்பூக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஆர்எஸ்எஸ்ஸுக்குச் செய்தியோடை என்று அழகாகப் பெயர் வைத்திருந்தோம். அதே ஓடையில் ஒலி வந்தால் ஒலியோடை, தொழில்நுட்பத்துக்கும் பொருந்துகிறது. ஓடை நிற்காமல் ஓடுவது, அதனால் தொடர்ச்சியும் உள்ளே வந்துவிட்டது. சுருக்கவும் முடியும்: "இந்த வாரம் நம்ம ஓடையில யாரு?" பிறகு யாரோ புண்ணியவான்கள் ஓடையை விட்டுவிட்டு, ஃபீட் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பார்த்து ஊட்டம் என்று ஆக்கினார்கள். செய்தி ஊட்டம். எனக்குச் சத்துமாவுக் கஞ்சிதான் நினைவுக்கு வருகிறது.

இணைவதற்கான சொல்லும் இப்படித்தான் கெட்டது. சந்தா என்கிறார்கள், பணம் கட்ட வேண்டுமோ என்று கேட்பவர் பயப்படுகிறார். சப்ஸ்கிரைப் என்ற ஆங்கிலச் சொல்லிலும் அந்தக் குழப்பம் இருந்தது. ஆப்பிள் தன் பாட்காஸ்ட் செயலியில் 2021-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பின்தொடர் என்று பொருள்படும் சொல்லைப் போட்டது. நாம் சந்தாவையும் விடவில்லை, குழுசேர் என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டோம். எந்தக் குழு? மகளிர் சுயஉதவிக் குழுவா? மொழிபெயர்ப்பவரிடம் தனிச் சொற்களாக ஒரு பட்டியலைக் கொடுத்து, திரையில் எந்தப் பொத்தானில் அது வரும் என்று காட்டாமல் வேலை வாங்கினால் இப்படித்தான் ஆகும். பாவம், அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை.

இதையெல்லாம் அக்கா மகனிடம் ஒரு சாயங்காலம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒலியோடைன்னா நாளைக்கு ஒருத்தர் ஒளியோடைன்னு கிளம்ப மாட்டாரா மாமா?" என்றான். அடி சரியான இடத்தில் விழுந்தது. ஒலி இருக்கும்வரை ஆபத்துதான். செவியோடை என்று மாற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காது மூக்கு தொண்டை மருத்துவராக இருக்கும் நண்பர் ஒருவர், "அந்தப் பேர்ல தினமும் பத்துப் பேர் என்கிட்ட வர்றாங்க" என்று சிரித்துவிட்டார். கேள்வி என்று ஒரு சொல் நமக்கு இருந்தது. குறளில் அந்தப் பெயரில் அதிகாரமே உண்டு, பிறர் சொல்லக் கேட்டறிவது என்ற பொருளில். எவ்வளவு பொருத்தம்! ஆனால் அது வினா என்ற பொருளுக்குப் போய்ப் பல காலமாகிவிட்டது, இனி மீட்க முடியாது.

ஆகவே ஒலியோடைக்கே திரும்பினேன். எனக்குத் தெரிந்து ஒளியோடை என்று இன்றைக்குப் பரவலாக எதுவும் இல்லை. எதிரே ஆள் இல்லாதவரை லகரம் ளகரமாக ஒலித்தாலும் கேட்பவருக்குச் சிக்கல் இல்லை. வலையொலிக்கு எதிரே ஆள் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறார். இது முழு வெற்றி அல்ல, தெரியும். இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு பேர் பெரிய மைக்கை முன்னால் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து மூன்று மணி நேரம் பேசுவதையும் இப்போது பாட்காஸ்ட் என்றே சொல்கிறார்கள். அதை நான் பேட்டி என்பேன். அதற்குப் புதுச் சொல் எதற்கு?

பையன் பெயரை மாற்றிவிட்டான். முகப்புப் படத்தில் பெரிதாக ஒலியோடை என்றும் கீழே சின்ன எழுத்தில் பாட்காஸ்ட் என்றும் போட்டிருக்கிறான். "கீழ அது இருந்தாத்தான் மாமா தேடுறவங்களுக்குக் கிடைக்கும்" என்றான். சரி என்றேன். நான்காவது பகுதியில் பேசியிருக்கும் மெக்கானிக் ஐயா எழுபது தாண்டியவர், வால்வு ரேடியோக்களைப் பற்றி மனிதர் கொட்டித் தீர்த்திருக்கிறார். அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அவர் மட்டும் இன்னும் வாரத்துக்கு ஒருமுறை அவனைக் கூப்பிட்டுக் கேட்கிறாராம்: "தம்பி, நான் பேசினது உங்க ரேடியோவுல எத்தனை மணிக்குப் போடுவீங்க?"