கன்னியாவில் ஏழு கிணறு, எலிக்கு ஆறு குழி

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வரும் பெரியம்மாவுக்குத் திருகோணமலையில் மூன்றே இடங்கள்தான்: கோணேசர் கோவில், நிலாவெளிக் கடற்கரை, கன்னியா வெந்நீர் ஊற்று. அவருடைய மகளுக்கோ போன வருடம் பார்த்த இடம் என்றாலே முகம் சுருங்கிவிடும். புறாமலைக்குப் படகில் போவோம், வெருகல் பக்கம் போவோம் என்று நிற்பாள். வாகனத்தில் ஏறும் முன்பே தாய்க்கும் மகளுக்கும் வழக்குத் தொடங்கிவிடும். பல வருடங்களாக நான் மகளுக்காகத்தான் பேசினேன். மூளை இடங்களை எப்படிக் கற்கிறது என்று வாசிக்கத் தொடங்கிய பிறகு பெரியம்மாவின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

மகள் சொல்வதிலும் பிழை இல்லை. முதன்முதலாக ஓர் இடத்தில் கால் வைக்கும்போது மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அந்த இடத்துக்கு வரைபடம் கீறத் தொடங்குகிறது. 1971இல் நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓகீஃப் எலிகளின் மூளையில் இதற்கான ‘இடச் செல்களை’க் கண்டறிந்தார். எலி ஒரு மூலைக்கு வந்தால் சில செல்கள் துடிக்கும், அடுத்த மூலைக்குப் போனால் வேறு சில. இதற்காக 2014இல் அவருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. புதிய இடத்தில் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளும் சுரந்து நினைவை இறுகப் பதிக்க உதவுகிறது. புறாமலைக்கு முதல் தடவை போன நாளில் படகோட்டி போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. நிலாவெளிக்குப் போன நாட்களோ ஒன்றோடொன்று கரைந்து ஒரே நாளாகிவிட்டன.

அப்படியானால் பழகிய இடத்தில் இன்பம் குறைந்துவிடுகிறதா? அது இடம் மாறி நிற்கிறது என்பதே சரி. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, டோபமைனைச் சுரக்கும் மூளைச் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு சைகை வரும் என்று குரங்கு பழகியதும், துடிப்பு அந்தச் சைகைக்கு முன்னேறிவிட்டது. சாறு வாய்க்கு வந்தபோது செல்கள் சலனம் காட்டவில்லை. வரவேண்டிய சாறு வராமல் போனாலோ துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது.

இதை வாசித்தபோது எனக்குப் பெரியம்மாவின் முகம்தான் வந்து நின்றது. கோணேசர் சந்நிதிக்கு மேலே ஏற வேண்டும், ஆனால் அவர் முகம் மலர்வது கீழே பிரட்ரிக் கோட்டை வாசலிலேயே, புள்ளிமான்கள் கண்ணில் பட்ட உடனே. நிலாவெளியில் அவர் வழக்கமாக உட்காரும் தாழம் புதரை யாரோ வெட்டிவிட்டிருந்த வருடம், கடல் அப்படியே இருந்தும் அவர் அன்று முழுக்கப் பேசவில்லை.

பழையதா புதியதா என்ற தேர்வை மூளை எப்படிச் செய்கிறது என்பதற்கும் ஆய்வு உண்டு. 2006இல் வெளியான ஒன்றில், பரிசுத் தொகை மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும் நான்கு சூதாட்டப் பொறிகளைக் கொடுத்து ஆட்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். தெரிந்த பொறியைக் கைவிட்டு வேறொன்றைச் சோதித்துப் பார்க்கும் நேரங்களில் நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்நுனிப் பகுதி கூடுதலாக இயங்கியது. கணக்கறிந்தவர்கள் இதில் இன்னொன்றையும் சேர்ப்பார்கள்: மிச்சமிருக்கும் காலம். இன்று கண்டுபிடிக்கும் நல்ல இடத்துக்கு நாளை பலமுறை திரும்ப முடியுமானால்தான் தேடலுக்குச் செலவிட்ட நேரம் வட்டியோடு கைக்கு வரும். பத்து நாள் விடுப்பில் வரும் எழுபது வயதுக்காரர் தெரிந்த மூன்று இடங்களைப் பிடித்துக்கொள்வதை எந்தக் கணிதமும் குற்றம் சொல்லாது. இந்த ஊரிலேயே இருக்கும் நான்தான் வெருகலுக்குப் போக வேண்டியவன்.

என்னை முழுதாக மாற்றியது எடின்பரோவில் ரிச்சர்ட் மொரிஸ் குழுவினர் 2007இல் வெளியிட்ட பரிசோதனை. ஒரு களத்தில் ஆறு மணற்குழிகள். எந்தச் சுவையுள்ள தீனியை முதலில் கொடுக்கிறார்களோ, அதே தீனி எந்தக் குழியில் புதைந்திருக்கிறது என்று எலி அறிய வேண்டும். இதைப் பழக வாரக்கணக்காயிற்று. பிறகு அதே களத்தில் இரண்டு புதிய சுவைகளையும் இரண்டு புதிய குழிகளையும் நுழைத்தார்கள். ஒரே தடவையில் எலிகள் கற்றுக்கொண்டன! எந்தச் சுவை எந்தக் குழியில் என்பது மாறிக்கொண்டே இருந்த களத்தில் பழகிய எலிகளுக்கு அது கைகூடவில்லை. நன்றாகத் தெரிந்த இடம் மூளையில் ஒரு சட்டகமாக நிற்கிறது. புதியது ஒன்று வந்தால் அதில் சட்டென்று போய்ப் பொருந்திவிடுகிறது.

கன்னியாவில் ஏழு கிணறுகள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் குத்திய இடங்கள் என்பார்கள். ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறுபடும். பெரியம்மா எப்போதும் வாசலோரக் கிணற்றில்தான் தொடங்குவார். வாளியால் அள்ளி, முதலில் புறங்கையில் ஊற்றிப் பார்த்து, பிறகு தலைக்கு. போன வருடம் நாலாவது கிணற்றில் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“இது இவ்வளவு சுடாதே. போன முறை மூன்றாவதுதான் சூடு.”

மகள் கையை விட்டுப் பார்த்தாள். “எல்லாம் ஒரே சூடுதானே, அம்மா?”

பெரியம்மா பதில் சொல்லவில்லை. ஈரக் கூந்தலை ஒதுக்கிவிட்டு வாளியை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு வாசலோரக் கிணற்றுக்குத் திரும்பி நடந்தாள்.