எந்தெந்தக் கீ வேலை செய்யவில்லை?

லெப்டொப்பில் நாலைந்து கீ திடீரென்று அடிபடவில்லை என்றால், உடனே அதைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் டவுனுக்கு ஓட வேண்டாம். முதலில் ஒரு தாளில் எந்தெந்தக் கீ வேலை செய்யவில்லை என்று எழுதுங்கள். பழுது எங்கே என்பதில் பாதியை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

காரணம், கீபோர்டுக்குள் ஒவ்வொரு கீக்கும் தனிக் கம்பி கிடையாது. குறுக்கே 8, நெடுக்கே 16 என்கிற மாதிரி கோடுகளைப் போட்டு, அவை சந்திக்கும் இடங்களில் கீகளை வைக்கிறார்கள். 24 கோடுகளிலேயே 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். ஒரு சின்ன சிப் இந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக, விநாடிக்குப் பல தடவை, சோதித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் கீயை அழுத்தினால் இரண்டு கோடுகள் தொட்டுக்கொள்ளும். எந்த இரண்டு என்று பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வரும் கரண்ட் கம்பி அறுந்தால் லயமே இருட்டு. பல்ப் போனால் ஒரு காம்பரா மட்டும்தான் இருட்டு. இங்கேயும் அதே கணக்கு. ஒரே ஒரு கீ போயிருந்தால் அந்தக் கீக்கு அடியில்தான் கோளாறு. ஏழெட்டுக் கீகள் ஒன்றாகப் போயிருந்தால் ஒரு கோடே அறுந்திருக்கிறது, அல்லது கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிள் கழன்றிருக்கிறது. ஒரே கோட்டில் இருக்கும் கீகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று மேல் மூலையிலும் இன்னொன்று அம்புக்குறிகளுக்குப் பக்கத்திலும் இருக்கலாம், அதுவும் மாடலுக்கு மாடல் மாறும். சம்பந்தமில்லாமல் செத்தது போலத் தெரிவது அதனால்தான்.

எல்லாக் கீயுமே மந்தமாக இருந்தால் பெரும்பாலும் மென்பொருள் வேலை. விண்டோஸில் வலது ஷிப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்கிற வசதி கிளம்பக்கூடும். அப்புறம் சட்டென்று தட்டுவதை அது கண்டுகொள்ளாது. லெப்டொப்பைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் திறக்கக்கூடிய பயாஸ் என்கிற அமைப்புத் திரையில் கீகள் ஒழுங்காக வேலை செய்தால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இனி நம் மலைநாட்டு விஷயம். கீபோர்டின் அடியில் மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேலும் கீழும் உள்ள தாள்களில் வெள்ளி கலந்த மையால் கோடுகள் அச்சிட்டிருக்கும்; நடுத்தாள் ஓட்டைகளோடு அவற்றைப் பிரித்து வைத்திருக்கும். அந்தக் கோட்டின் தடிப்பு தலைமுடியை விடக் குறைவு. அதற்கு ஈரம்தான் எதிரி.

30 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவி தாங்கும். 10 பாகையில் 9 கிராம்தான். நுவரெலியாவின் ஜனவரி இரவில் குளிர்ந்து கிடந்த லெப்டொப்பை விடியற்காலையில் கேத்தல் கொதிக்கும் அடுப்படிக்குக் கொண்டுவந்தால், தாங்க முடியாத மிச்ச நீர் குளிர்ந்த பரப்பில் துளியாக விழும், உள்ளேயும்தான். ஈரத்தோடு மின்னழுத்தமும் சேரும்போது வெள்ளி ஒரு கோட்டிலிருந்து கரைந்து, பக்கத்துக் கோட்டில் போய்ப் படிந்து, அங்கிருந்து பன்னம் இலை போலக் கிளைவிட்டு வளரும். கரைந்த பக்கம் கோடு அறுகிறது. வளர்ந்த பக்கம் தொட்டுக்கொண்டால் யாரும் தட்டாத எழுத்து தானாக விழுகிறது. காலையில் மக்கர் பண்ணி மத்தியானம் சரியாகும் கீபோர்டில் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பிளேன்டீ சிந்தினால் கதை இன்னும் மோசம். தண்ணீர் காய்ந்துவிடும், சீனி காயாது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்க மழைக் காற்றில் அது ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். சரியாகிவிட்டது என்று நினைத்த கீ மழைக்காலத்தில் மறுபடி சாவதற்கு இதுதான் காரணம். சிந்திய உடனே ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்து வையுங்கள். அரிசிப் பானைக்குள் போடுவது வீண், தூசுதான் மிச்சம்.

ஒரு கீ மட்டும் என்றால் மூடியைக் கழற்றி ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துப் பார்க்கலாம். அடியில் கத்தரிபோல் மடங்கும் பிளாஸ்டிக் சட்டத்தின் முனைகள் மிக மெல்லியவை, நெம்பினால் உடையும். ஏழெட்டுக் கீகள் ஒன்றாகப் போயிருந்தால் முதலில் ரிப்பனைக் கழற்றி மறுபடி சொருகிப் பார்க்கலாம். அப்போதும் சரியாகாவிட்டால் கோடே அறுந்திருக்கும்; பிளாஸ்டிக் தாளில் ஈயம் பற்றவைக்க முடியாது, புதுக் கீபோர்ட்தான். நடுப்பகுதி கீகள் மேலே தூக்கிக்கொண்டு இறுகியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும், அதை அழுத்திப் பார்க்காமல் நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

புதுக் கீபோர்ட் வாங்கும்போது லெப்டொப் மாடலை மட்டும் சொல்லாதீர்கள். பழையதன் முதுகில் ஒட்டியிருக்கும் பாகம் எண்ணைப் படம் எடுத்துக் காட்டுங்கள். ஒரே மாடலிலும் ரிப்பன் அகலம் வேறுபடும்.