பவளக்கால் உள்ளானின் முட்டி எங்கே?

பள்ளிக்கரணைச் சதுப்பில் பவளக்கால் உள்ளான் என்ற நீள்கால் நீர்ப்பறவையைப் பார்க்கிறவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி: "என்ன, முட்டி பின்பக்கமாக மடங்குகிறது?" அது முட்டியே இல்லை, கணுக்கால். நிஜ முட்டி வயிற்றை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் இருக்கிறது.

சந்தேகமென்றால் கோழிக்கடையில் பாருங்கள். லெக் பீஸில் சதை திரண்ட இடம் கெண்டைக்கால், மெலிந்த நுனி கணுக்கால். அதற்கும் கீழே, கடைக்காரர் வெட்டித் தனியே போடுகிற செதில் படிந்த துண்டு முழுக்கப் பாதம். பாத எலும்புகள் ஒன்றாக ஒட்டி நீண்டுவிட்டன. ஆக, பறவைகள் விரலை மட்டும் ஊன்றித்தான் நடக்கின்றன.

உள்ளானுக்கு இந்தப் பாத எலும்பும் கெண்டைக்காலும் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கின்றன. அலகிலிருந்து வால் வரை சுமார் 35 செ.மீ., எடை 200 கிராமை ஒட்டி. உடலோடு ஒப்பிட்டால் இதை மிஞ்சிய கால் பூநாரைக்குத்தான்.

சரி, இத்தனை நீளக் காலைத் தூக்கி வைத்து நடப்பது பாரமாக இருக்காதா? கீழ்ப்பகுதியில் சதையே கிடையாது, அதுதான் சூட்சுமம். கனமான தசைகள் உடலை ஒட்டி மேலே இருக்க, அவற்றின் நாண்கள் மட்டும் கீழிறங்கி விரல்களை இயக்குகின்றன. வீசி நடக்க வேண்டிய நுனி லேசாக இருப்பதால் செலவாகும் சக்தியும் குறைவு. மெல்லிய காலைத் தண்ணீரும் அதிகம் தடுக்காது.

மற்ற உள்ளான்கள் கரைச்சேற்றோடு நின்றுவிட, இது வயிறு நனையாமல் உள்ளே போய்ப் பூச்சி கொத்தும். தரையில் இரை பொறுக்கும்போதுதான் வேடிக்கை: உடம்பையே முன்னால் சாய்த்துக் குனிய வேண்டும்.

பின்விரல் கிடையாது, அதனால் கிளையைப் பற்றி உட்கார வழியில்லை. கூடு தரையில்தான், பெரும்பாலும் தண்ணீரை ஒட்டிய திறந்த வெளியில். நான்கு முட்டைகள் மேல் காலை மடக்கி உட்காரும்போது கணுக்கால்கள் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கோடை வெயிலில் முட்டை வெந்துவிடாதா? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. நாள் முழுக்க நனையாமல் காக்கும் வயிற்றை, தண்ணீருக்குப் போய் வேண்டுமென்றே முக்கி எடுத்து, ஈர இறகோடு வந்து அடைகாக்கும். அந்த ஈரம் ஆவியாகும்போது முட்டையின் சூட்டையும் கொண்டு போகிறது. வெயில் ஏற ஏற, குட்டைக்கும் கூட்டுக்குமான நடையும் கூடும்.