பில்லி த கிட் இடக்கையனா?

கசங்கிய தொப்பி, தொளதொளத்த ஸ்வெட்டர், தரையில் ஊன்றிய ரைஃபிள், இடுப்பில் கைத்துப்பாக்கி. நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னர் என்ற சிற்றூரில் 1880 வாக்கில் எடுத்த படத்தில் இப்படித்தான் நிற்கிறான் அமெரிக்க எல்லைப்புறச் சட்டவிரோதி பில்லி த கிட். 1881 ஜூலையில் ஷெரீஃப் பாட் காரெட் அவனைச் சுட்டுக் கொன்றார். படத்தில் கைத்துப்பாக்கி இடப்பக்கம் தொங்குவதால், அவன் இடக்கைக்காரன் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1958இல் வந்த ஹாலிவுட் படம் ஒன்று தலைப்பிலேயே அப்படிச் சொன்னது.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது ரைஃபிள்தான். அது 1873ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர். அதில் தோட்டா நுழைக்கும் வாய் வலப்பக்கம் இருக்கும். படத்திலோ இடப்பக்கம் தெரிகிறது. ஆக, படமே இடவலம் மாறியிருக்கிறது.

அது டின்டைப் படம். பெயரில்தான் டின், உள்ளே இருப்பது கறுப்பு வார்னிஷ் பூசிய மெல்லிய இரும்புத் தகடு. லண்டனில் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் கண்ணாடியில் செய்து காட்டிய ஈரத்தகட்டு முறைதான் இதற்கும் அடிப்படை. அமிலத்தில் ஊறவைத்த வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்து, அயோடைடு உப்பு கலந்தால் பாகு போன்ற கொலோடியன் கிடைக்கும். தகட்டை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு, பாகு நான்கு மூலைக்கும் ஓடும்படி சாய்த்துச் சாய்த்து ஊற்ற வேண்டும். பிறகு இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கினால், ஒளிபட்டால் மாறும் சில்வர் அயோடைடு படலத்துக்குள் உருவாகிவிடும். இந்த வேலை செய்தவர்களின் விரல்களில் வெள்ளியின் கறுப்புக் கறை போகவே போகாது.

படலம் காய்ந்தால் எல்லாம் பாழ். மறைந்திருக்கும் படத்தை வெளிக்கொணரும், அதாவது உருத்துலக்கும், திரவம் உள்ளே இறங்காது. படம் பிடித்துக் கழுவி முடிக்க ஏறக்குறைய பத்து நிமிடம்தான், பாலைவன வெயிலில் அதுவும் இல்லை. அதனால்தான் டிமத்தி ஓ'சலிவன் என்ற புகைப்படக்காரர் 1867இல் நெவாடாவின் மணல்மேடுகளுக்கே இருட்டறை வண்டியைக் கோவேறு கழுதைகள் பூட்டி ஓட்டிப்போனார். அவர் பட்ட பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

உருத்துலக்க ஊற்றியது அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல். அடுத்து ஹைப்போ என்ற சோடியம் தயோசல்பேட்டிலோ பொட்டாசியம் சயனைடிலோ தகட்டைப் போட்டதும், ஒளிபடாத அயோடைடு கரைய, பால்போன்ற மூட்டம் விலகி முகம் மேலெழும். ஒளிபட்ட இடத்தில் தங்கிய வெள்ளித்துகள் கறுப்புப் பின்னணியில் வெளுப்பாகத் தெரியும். நெகட்டிவே பாசிட்டிவாகக் காட்சி தரும் வித்தை இதுதான்.

படம் திரும்பியதற்கும் இதுவே காரணம். கண்ணாடி நெகட்டிவைத் தாளில் அச்சிடும்போது இடவலம் மறுபடி மாறிச் சரியாகிவிடும். டின்டைப்பில் அச்சே கிடையாது. லென்ஸைப் பார்த்திருந்த முகப்பையே நாமும் பார்க்கிறோம், நிலைக்கண்ணாடியில் பார்ப்பதுபோல.

இன்னொன்றும் உண்டு. இந்தப் படலத்துக்கு நீலமும் ஊதாவும்தான் கண்ணில் படும். சிவப்பும் மஞ்சளும் இருட்டு. நீலக் கண்கள் சாம்பலாக வெளிறும், வெயிலில் சிவந்த கன்னம் கருகியதுபோல இருக்கும், வானம் வெறும் வெள்ளை. சில விநாடிகள் அசையாமல் நிற்க, தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வேறு வைப்பார்கள். எல்லைப்புற மக்களின் முகங்கள் இறுகிக் கிடப்பதில் இவற்றுக்கெல்லாம் பங்கு இருக்கிறது.

2011இல் அந்தச் சின்னத் தகடு 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உங்கள் கைபேசியில் அந்தப் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள்: கைத்துப்பாக்கி வலது இடுப்புக்கு வந்துவிடும்.